தொண்ணூறு மில்லி

மூன்றாவது பாட்டிலையும் குடித்தாயிற்று, இன்னும் வந்தபாடில்லை. விடிந்தும் விடியாமல் ஐந்தே முக்காலுக்குத் துப்பாக்கி வெடித்து, இருபத்தைந்து ரவுண்டு, பத்தாயிரம் மீட்டர், வெயில் ஏறுவதற்குள் ஓடி முடித்து முதல் ஆளாக வந்தவளுக்கு, ஒரு குவளை மூத்திரம் பெய்ய ஒன்றரை மணி நேரமாக முடியவில்லை என்றால் கேட்கிறவர்கள் சிரிப்பார்களா மாட்டார்களா? மகமாயிக்கே சிரிப்பாகத்தான் இருந்தது, கால் மணி நேரத்துக்கு முன்பு வரை. ஸ்டேடியத்தின் கேலரிக்கு அடியில் இருந்த அந்த அறையில் ஏ.சி. உறைய உறைய ஓடிக்கொண்டிருந்தது. வேர்வை காய்ந்து உப்பாகப் பூத்து, கையைத் தேய்த்தால் பொடியாக உதிர்ந்தது. உடம்பில் இருந்த தண்ணீரையெல்லாம் ட்ராக்கில் இறைத்துவிட்டு வந்தவளிடம் தண்ணீர் கேட்டால் அவள் எங்கே போவாள்? சுவரோரம் ஐஸ் பெட்டியில் மூடி உடைக்காத பாட்டில்கள். வேறு யாரும் எடுத்துக் கொடுக்கக்கூடாது, அவளே எடுக்க வேண்டும், அவளே மூடியைத் திருக வேண்டும், அந்த 'டிக்' சத்தம் கேட்க வேண்டும். மேஜைக்குப் பின்னால் டாக்டர் ஷைலஜா. ஊக்கமருந்து போட்டுக்கொண்டு ஓடினாளா என்று பார்ப்பதற்காக, ஜெயித்தவளின் மூத்திரத்தைப் பிடித்து இரண்டு சீசாவில் அடைத்து முத்திரை வைத்து அனுப்புவது அவர் வேலை. தொண்ணூறு மில்லி வேண்டும், ஒரு சொட்டு குறைந்தாலும் ஆகாது, அதற்காக மொடக் மொடக்கென்று குடித்தும் வைக்காதீர்கள், நீர்த்துப்போனால் மறுபடி முதலிலிருந்து, என்று வந்ததும் சொல்லிவிட்டார். பக்கத்து நாற்காலியில் ஜெசிந்தா டீச்சர். பெரம்பூர் பக்கம் ஏதோ பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சராம், ஐம்பது வயதிருக்கும், முடிவுக்கோட்டை மகமாயி தாண்டிய நொடியிலிருந்து அவளைக் கண்ணை விட்டு விலக்காமல் கூடவே வருகிறார். அவருக்கு இன்றைக்கு அதுதான் ட்யூட்டி. இந்தப் பக்கம், உரசிக்கொண்டு, இளவழகன். துணைக்கு ஒரு ஆளை வைத்துக்கொள்ளலாம் என்று விதி. மற்றவர்கள் கோச்சைக் கூட்டி வருவார்கள். மகமாயிக்குக் கோச்சும் அவன்தான், புருஷனும் அவன்தான், செலவு மிச்சம். "தொண்ணூறுதான புள்ள, ஒரு கட்டிங். எங்கூரு ஆளுக நின்ன நிலையில முடிப்பானுக" என்றான் அவன், டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார், டாக்டர்கூடக் குனிந்துகொண்டார்.

முன்பு போனபோது நாற்பது மில்லி வந்தது. டீச்சர் கண்ணெதிரில், பனியனை நெஞ்சு வரை தூக்கிக்கொண்டு, நிக்கரை முட்டிக்குக் கீழே தள்ளிவிட்டு. வெட்கம் என்று சொல்ல முடியாது, கிராஸ் கன்ட்ரி ஓடுகிற பெண்ணுக்கு அந்த வெட்கமெல்லாம் முதல் வருஷத்திலேயே போய்விடும். திருச்சியில் காலேஜ் படிக்கிறபோது, கொள்ளிடத்தில் தண்ணீர் வற்றிய மாசங்களில், காலையில் மணலில் பன்னிரண்டு கிலோமீட்டர் ஓட விடுவார்கள், கால் புதையப் புதைய. பாதி வழியில் அடிவயிறு முட்டும். நாணல் மறைவு கிடைத்தால் நாணல், கிடைக்காவிட்டால் நாலு பெண்கள் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டு திரும்பி நிற்பார்கள், அவ்வளவுதான் கக்கூஸ். பையன்கள் முன்னால் போய்விட்டிருப்பார்கள். இளவழகன் மட்டும் பின்னால் வருவான், ஆயிரத்து ஐநூறு மீட்டர்க்காரன், நீள ஓட்டம் ஓடினால் மூச்சு வாங்கி நின்றுவிடுவான், "அண்ணே, அங்கயே நில்லுங்க, வராதீங்க" என்று இவர்கள் கத்துவார்கள். சீனியர் எல்லாரையும் அண்ணே என்றுதான் கூப்பிட வேண்டும், அது டீம் வழக்கம், கூப்பிடாவிட்டால் கூடுதலாக நாலு ரவுண்டு. இரண்டு வருஷம் அவனை வாய் நிறைய அண்ணே என்று கூப்பிட்டுவிட்டு, மூன்றாவது வருஷம் அவன்மேல் ஆசை வந்தபோது எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் அவள் பட்ட பாடு! அன்றைக்கு ஆரம்பித்த "இங்க பாருங்க" இன்றைக்கு வரைக்கும் ஓடுகிறது. இங்க பாருங்க. இப்போது அதைத்தான் சொல்ல வேண்டும். இங்க பாருங்க, நீங்க டாக்டர்கிட்ட சொன்னது தப்பு. வந்ததும் வராததுமாய், பேரும் ஊரும் எழுதிக்கொண்டிருந்த டாக்டர் ஒன்றும் கேட்பதற்கு முன்பே, தானாகவே நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னான், "மருந்துன்னு ஒண்ணும் இல்ல மேடம். சத்து மாத்திரை ரெண்டு, அதுவும் நான் பாத்துத்தான் குடுக்குறேன். ஒரு தலைவலித் தைலம்கூட நான் பாக்காம தேய்க்க மாட்டா." டாக்டர், "அதெல்லாம் கடைசில" என்றார். மகமாயிக்கு அப்போது பெருமையாகத்தான் இருந்தது. ஒண்ணும் இல்ல மேடம். எவ்வளவு அழகாகச் சொன்னான். பிறகு அவன் இருமினான்.

அந்த ஒரு இருமலில்தான் எல்லாம். ஏ.சி. குளிர் ஒத்துக்கொள்ளாமல் இரண்டு தடவை லொக் லொக்கென்று இருமி, "பாப்பா எனக்கும் குடுத்துட்டா போல" என்று மூக்கைத் துடைத்துக்கொண்டான். பாப்பா என்ற அந்த வார்த்தையோடு மகமாயியின் நாக்கின் அடியில் ஒரு இனிப்பு ஊறிற்று. ஸ்ட்ராபெரி என்று ஏமாற்றுகிற இனிப்பு, ரோஸ் நிறத்தில், தொண்டையில் இறங்கியபின் லேசாகக் கசக்கிற இனிப்பு. அவளுக்கு ஓட்டத்தில் இப்படி ஆவதுண்டு, பதினெட்டாவது ரவுண்டில் ஒன்றுமே காரணமில்லாமல் காலின் கீழே தரை இல்லாததுபோல் ஒரு கணம். திங்கட்கிழமை, செவ்வாய், புதன். மூன்று சாயந்திரம். இனியாவுக்கு நாலு வயசு, இருமல் வந்து ஒரு வாரம், மருந்தைக் கண்டால் வீட்டுக்குள் கூத்துதான். சுவரில் துப்பினாள், தலையணையில் துப்பினாள், அம்மா பனியனில் துப்பினாள். இளவழகன் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன், பதினாலு பிள்ளைகளை ஒரு அதட்டலில் உட்கார வைப்பான், சொந்தப் பிள்ளையிடம் அவன் பருப்பு வேகாது, அதுவும் மருந்து நேரமான ஆறரைக்கு அவன் சாயந்திர ட்ரிப்பில் இருப்பான். "நீ குடி மொதல்ல" என்றது அந்தக் குட்டி. மகமாயி மூடியில் ஊற்றி உதட்டில் வைத்து எடுத்து, ஆஹா, என்ன ருசி, என்றாள். பாப்பா நம்புகிற ஜாதியா? "ஆ காட்டு." காட்டினாள். "நாக்க நீட்டு." நீட்டினாள். "ரோஸா இல்ல. நீ ஏமாத்துற." அப்புறம் என்ன செய்வது, அம்மாவுக்கு ஒரு மூடி, உனக்கு ஒரு மூடி. நாக்கை நீட்டி ரோஸ் நிறத்தைக் காட்டியபின்தான் பாப்பா தன் மூடியை வாங்கிக் குடித்தாள், குடித்துவிட்டுத் தன் நாக்கையும் நீட்டிக் காட்டினாள், இரண்டு பேரும் கண்ணாடி முன்னால் நாக்கை நீட்டிக்கொண்டு நின்று சிரித்தார்கள். வாழ்க்கையில் அவளுக்கு முதலில் டோப் டெஸ்ட் எடுத்தது அவள் மகள்தான். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறதே, அதுதான் கொடுமை.

இருமல் மருந்தில் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். எல்லா இருமல் மருந்திலும் இருக்காது. சிலதில் இருக்கும், மூச்சுக்குழாயை விரிக்கிற சரக்கு ஏதோ, அது கூடாது, பட்டியலில் இருக்கிறது என்று ட்ரெயினிங் கேம்ப்பில் ஒரு நாள் முழுக்க உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தார்கள், படம் போட்டுக் காட்டினார்கள், மகமாயி அப்போது பாதி தூக்கத்தில் இருந்தாள். இனியாவோடதில் என்ன இருக்கிறது? பேரே தெரியாது. மூன்று மூடிதானே. நடுவில் வியாழன் ஒரு நாள் போயிற்று, இன்றைக்கு வெள்ளி, அதற்குள் வேர்வையோடு போயிருக்காதா? போகாது என்று அவளுக்கே தெரியும். போயிருக்கும் என்று மறுபடி நினைத்தாள். இன்றைக்கு ஓடின நேரம் ஆசியப் போட்டிக்கு வேண்டிய நேரத்தைவிட நாலு செகண்டு குறைவு. நாலே நாலு செகண்டு. முப்பத்தொரு வயதில், பிள்ளை பெற்ற உடம்பில். இந்தியா என்று நெஞ்சில் எழுதின பனியனை அவள் இதுவரை போட்டதில்லை. முதல் தடவை கிடைக்கவிருந்தபோது காலெலும்பில் கீறல், மூன்று மாசம் கட்டு. இரண்டாவது தடவை வயிற்றில் இனியா, அதைச் சொல்லிக் குறைப்பட யாருக்கு வாய் வரும்? இது மூன்றாவது. இதற்கு மேல் இல்லை. இப்போது அந்தச் சீசாவில் அந்த எழவு இருந்துவிட்டால் மெடல் போகும், நேரம் போகும், நாலு வருஷத்துக்கு எந்த ட்ராக்கிலும் கால் வைக்க முடியாது, முப்பத்தைந்து வயதுக்காரிக்கு அப்புறம் யார் ட்ராக் கொடுக்கப் போகிறார்கள்? லூர்து அக்கா நினைவுக்கு வந்தாள். கேம்ப்பில் இவளுக்கு நாலு வருஷம் மூத்தவள், ஐயாயிரம் மீட்டரில் அவளை அடிக்க ஆளில்லை. டெஸ்டில் பிடிபட்டபோது, ஊரில் முட்டி வலிக்கு யாரோ கொடுத்த லேகியம் என்றாள், அழுதாள், சத்தியம் பண்ணினாள். அன்றைக்கு ஹாஸ்டல் மெஸ்ஸில் முட்டையை உரித்துக்கொண்டே மகமாயி சொன்ன வார்த்தை இருக்கிறதே, "பிடிபட்டா எல்லாரும் இதத்தான் சொல்றாங்க. லேகியமாம், லேகியம்." மேஜையில் எல்லாரும் சிரித்தார்கள். லூர்து அக்கா பெட்டியைக் கட்டிக்கொண்டு போனபோது வாசல் வரைக்கும்கூட இவள் போகவில்லை. இப்போது அந்த மெஸ்ஸில் வேறு யாரோ முட்டை உரிப்பார்கள். பாப்பா மருந்தாம், பாப்பா மருந்து. அக்கா, நெஜமாத்தான் அது லேகியமா? நான் ஒரு தடவையாவது கேட்டிருக்கலாம்.

சொல்லாமல் இருந்துவிட்டால் என்ன? இவன்தான் ஒண்ணும் இல்லை என்று சொல்லிவிட்டானே, அது அவன் வாய்ச்சொல், அதன் நிழலில் ஒதுங்கிக்கொள்ளலாம். இருக்கிறதோ இல்லையோ தெரியாத ஒன்றுக்காகத் தானே போய்த் தலையைக் கொடுப்பானேன், சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதையாக? ஒருவேளை அதில் ஒன்றுமே இல்லாமல் இருந்து, இவள் உளறி வைத்து, ஊரெல்லாம் பேச்சாகி. ஒருவேளை இருந்து, இவள் மறைத்து, அப்புறம் அது வெளியே வந்து, அப்போது பாப்பா கதையை எடுத்துவிட்டால் நாய்கூட நம்பாது. சொன்னாலும் போகும், சொல்லாவிட்டாலும் போகும். போகாமலும் இருக்கலாம். மகமாயி நாலாவது பாட்டிலை எடுக்கலாமா என்று பார்த்துவிட்டு எடுக்காமல் விட்டாள். பக்கத்தில் இவன் தன் சட்டையைக் கழற்றாத குறையாக அவள் தோளில் துண்டைப் போர்த்திவிட்டு, அவள் பாதத்தைத் தன் மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, டாக்டர் முன்னால் என்றும் பார்க்காமல், ஸ்பைக்ஸ் ஷூ கடித்த இடத்தைக் கட்டைவிரலால் அமுக்கிக்கொண்டிருந்தான். "இருவதாவது ரவுண்டுல அந்த ஹரியானா புள்ள ஏறுனுச்சே, நீ பின்னாடியே போகாம விட்ட பாத்தியா, அதுதான் புள்ள ஓட்டம்! என் ஈரக்கொலையே நடுங்கிருச்சு" என்றான். எத்தனை தடவை சொல்வான். மெல்ல ஓடு, வேகமாக ஓடு, என்று ட்ராக்கின் ஓரத்தில் கூடவே ஓடிக் கத்துகிற இந்த மனுஷன் தன் ஓட்டத்தை இருபத்தாறு வயதில் நிறுத்தினான். ஒரு வீட்டில் இரண்டு பேர் காலையில் ஓடப் போனால் சோறு யார் வடிப்பது என்றான், சிரித்துக்கொண்டேதான் சொன்னான், அவள் அன்றைக்கு அதைச் சிரிப்பாகவே எடுத்துக்கொண்டாள். தினம் விடியற்காலையில் அவள் ஓட, டி.வி.எஸ்.ஸில் கூடவே வருவான், ஹேண்டில்பாரில் தண்ணீர் பாட்டில், கழுத்தில் ஸ்டாப்வாட்ச், நாய் குரைத்தால் ஒரு காலைத் தூக்கி மிரட்டுவான். இனியா பிறந்து ஐந்தாம் மாசம் முதன்முதலாக இரண்டு ரவுண்டு ஓடியபோது பால் கட்டி நெஞ்சு கல்லாகி, நிக்கர் நனைந்து, ட்ராக்கிலேயே உட்கார்ந்து அவள் அழுதாள். ஒரு வார்த்தை பேசாமல் தன் சட்டையைக் கழற்றி அவள் இடுப்பில் கட்டிவிட்டு, பனியனோடு வண்டி ஓட்டிக்கொண்டு வந்தான். அந்த நிக்கரை அவன்தான் துவைத்துக் காயப்போட்டான். மறுநாள் காலையில் மறுபடி எழுப்பினான். இப்படிப்பட்டவன் கொண்டு வந்து வீட்டில் வைத்த சீசாவை யாராவது சந்தேகப்படுவார்களா? மிட்டாய் உறையைக்கூட வெளிச்சத்தில் பிடித்துப் படிப்பான், ஹோட்டலில் சட்னிக்குள் என்ன போட்டீர்கள் என்று கேட்டு அடி வாங்காமல் வந்தது ஆச்சரியம். அவன் படிக்கிறானே என்றுதான் அவள் படிப்பதை விட்டாள். கல்யாணத்துக்கு முன்பு அவளும் படித்தவள்தான். ஏழு வருஷமாக அவன் கையால் வந்தது எல்லாம் சுத்தம் என்று கண்ணை மூடிக்கொண்டு வாயைத் திறந்தாள். அன்பு அதிகமானால் கண் மங்கும்போல. இந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? ஜெயித்த அவளைவிட அவனுக்கல்லவா ஜெயித்த களை.

உடம்பு இதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. அதற்கு மனசாட்சி கிடையாது, மூத்திரப்பை ஒன்றுதான் உண்டு. திடீரென்று முட்டியது. "டீச்சர்" என்று எழுந்தாள், ஜெசிந்தா டீச்சர் முட்டியைப் பிடித்துக்கொண்டு அவசரமாக எழுந்தார், டாக்டர் குவளையை எடுத்துக்கொள்ளச் சொன்னார். உள்ளே மூன்று பக்கமும் கண்ணாடி. மூன்று மகமாயிகள் பனியனைத் தூக்கினார்கள். டீச்சர் தலையைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டு, "கஷ்டப்படாதம்மா, மெதுவா, என் பொண்ண பிரசவத்துக்குப் பாத்த மாதிரி இருக்கு உன்னப் பாக்குறது" என்றார். வந்தது. சரசரவென்று, சூடாக, குவளையைத் தாண்டிக் கையிலெல்லாம் பட்டு. மகமாயிக்கு அந்த நேரத்தில் அப்படி ஒரு சுகம். இருபத்தைந்து ரவுண்டுக்குப் பின்னால்கூட இப்படி இல்லை. பிறகு அந்த மஞ்சள் நிறத்தைப் பார்த்தாள். நல்ல அடர்த்தியான மஞ்சள். இதற்குள் எங்கே ரோஸ் இருக்கிறது? எதைத் தேடுவார்கள், எப்படித் தேடுவார்கள்? இந்தக் கையை லேசாகத் தட்டிவிட்டால் குவளை கவிழும், கைநடுக்கம் என்று சொல்லலாம், இன்னொரு மணி நேரம் கிடைக்கும். கிடைத்து என்ன செய்ய? அவள் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தாள், காரணமில்லாமல் நாக்கை நீட்டிப் பார்த்தாள். வெள்ளையாக, வறண்டுபோய் இருந்தது. "என்னம்மா?" என்றார் டீச்சர். "ஒண்ணும் இல்ல டீச்சர்" என்றாள். அந்த வார்த்தை அவள் வாயிலிருந்து வந்தபோதுதான் அது எவ்வளவு சுலபமாக வருகிறது என்று தெரிந்தது. முந்தின நாற்பதோடு சேர்த்து நூற்று முப்பது மில்லி இருந்தது. இரண்டு சீசாவிலும் அவளே ஊற்றினாள், அவளே மூடியைத் திருகினாள், கர் கர்ரென்று அது பூட்டிக்கொண்டது. இனி அதைத் திறக்க வேறு இடத்தில் வேறு மெஷின் வேண்டும்.

டாக்டர் ஷைலஜா படிவத்தை முன்னால் இழுத்து, சீசா நம்பரை இரண்டு தடவை படித்துக் காட்டி எழுதினார். பிறகு, "கடைசி ஏழு நாள்ல எடுத்த மாத்திரை, மருந்து, டானிக், எதுவானாலும் சொல்லுங்க" என்றார்.

"இரும்புச்சத்து மாத்திரை. கால்சியம்" என்றாள் மகமாயி.

"அவ்வளவுதான் மேடம்" என்றான் இளவழகன்.

மகமாயி அவன் முட்டியில் கையை வைத்தாள். "இங்க பாருங்க" என்றாள் அவனிடம். பிறகு டாக்டர் பக்கம் திரும்பி, "இன்னொண்ணு இருக்கு மேடம். இருமல் மருந்து. மூணு மூடி. திங்க, செவ்வா, புதன்."

"ஒனக்கு எங்க புள்ள இருமல்?" என்றான் அவன், இன்னும் சிரித்த முகத்தோடுதான்.

"பாப்பாவோடது. நான் குடிச்சாத்தான் குடிக்கிறா. சும்மா வாயில வெச்சுக் காட்டுனேன், நாக்க நீட்டச் சொல்லிப் பாக்குறா. என்ன பண்றது."

"மருந்து பேரு?" என்றார் டாக்டர்.

"தெரியாது மேடம். ரோஸ் கலர்ல இருக்கும்."

"பேரு வேணுமேம்மா."

பிறகு இளவழகன் பேரைச் சொன்னான். பேரோடு நிறுத்தவில்லை. அதில் என்னென்ன சரக்கு இருக்கிறது என்பதையும், டாக்டர் எழுத வசதியாக ஒவ்வொன்றாக, எழுத்துக்கூட்டிப் படிக்கிற மாதிரி சொன்னான். முதல் பெயரை எழுதினார். இரண்டாவதை எழுதினார். மூன்றாவது பெயரில் டாக்டரின் பேனா நின்றது, ஒரு மூச்சு நேரம், பிறகு அதையும் எழுதியது. மகமாயிக்கு அதைக் கேட்டு ஒன்றும் புரிந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை, அந்தப் பேனாவைப் பார்த்ததே போதும்.

"கடையிலேயே படிச்சேன்" என்றான் இளவழகன். குரல் வேறு யாருடையதோ போல் இருந்தது. "அது இருக்குன்னு தெரியும். பாப்பாவுக்கு இதுதான் கேக்கும்னு டாக்டர் எழுதிக் குடுத்தாரு. அதான் மேல் தட்டுல, அரிசி டின்னுக்குப் பின்னாடி தனியா வெச்சேன். நீ பாப்பாவுக்கு ஊத்துறதோட சரி, வாயில வெக்க மாட்டேன்னு... ஒங்கிட்ட ஒரு வார்த்த சொல்லாம விட்டுட்டேன் புள்ள."

"நான் கேட்டிருக்கணும்" என்றாள் மகமாயி.

அவன் டாக்டரைப் பார்த்தான். "மேடம், வந்ததும் நான் ஒண்ணுமில்லன்னு சொன்னேன்ல. அத அடிச்சிருங்க. அது என் பேச்சு. அவ ஒண்ணும் மறைக்கல."

டாக்டர் படிவத்தை அவன் பக்கம் திருப்பிக் காட்டினார். "அடிக்க ஒண்ணும் இல்ல சார். நீங்க சொன்னத நான் எழுதவே இல்ல. ஓடுனவங்க வாயால சொல்றதத்தான் நான் எழுதணும்." பிறகு கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "எழுதுனதால தப்பிச்சிருவீங்கன்னு நான் சொல்ல மாட்டேன்மா. ரிசல்ட் வர மூணு வாரம் ஆகும். அதுல ஏதாவது வந்தா விசாரணை இருக்கும். குழந்தை மருந்துச் சீட்டு இருந்தா பத்திரமா வெச்சுக்கோங்க."

இவ்வளவு நேரம் அவன் சொன்ன அந்த 'ஒண்ணும் இல்ல'வோடு அவள் மல்லுக்கட்டியது, அதன் கீழே ஒதுங்கலாமா, அதை உடைக்கலாமா என்று தவித்தது, எல்லாம் காகிதத்தில் இல்லாத ஒன்றோடு. படிவத்தில் மருந்து எழுதுகிற கட்டம் முதலிலிருந்தே காலியாகத்தான் இருந்திருக்கிறது, அவளுக்காக. மகமாயி கையெழுத்துப் போட்டாள். டீச்சர் போட்டார். கூட வந்தவர் என்று கீழே ஒரு கோடு இருந்தது. இளவழகன் எப்போதும் ஒரு சுழி சுழித்து இழுத்துவிடுகிறவன், கல்யாண ரிஜிஸ்தரில்கூட அப்படித்தான் இழுத்தான். இன்றைக்கு மூக்கு நுனி காகிதத்தில் படுகிற மாதிரி குனிந்து, படிவத்தை மேலிருந்து கீழே வரை, அவள் சொன்ன மூன்று மூடியையும், மூன்றாவது பெயரையும் விடாமல் படித்துவிட்டு, தன் பெயரை முழுசாக, ஒவ்வொரு எழுத்தாக எழுதினான். பேனாவைக் கீழே வைத்தான். அவள் கையைப் பிடித்துக்கொண்டான். ஜெசிந்தா டீச்சர் எழுந்து வந்து மகமாயியின் தலையில் ஒரு தடவை கையை வைத்துவிட்டு வெளியே போனார்.

அழப்போகிறான் என்று நினைத்தாள். அழவில்லை. "பாப்பாவுக்கு இருமல் நின்னுருச்சு, தெரியுமா?" என்றான். "காலைல அஞ்சரைக்கு, பாப்பா கூட இருக்குற எங்கக்கா போன் பண்ணுனா. ராத்திரி பூரா ஒரு தடவகூட இருமலயாம். நீ வார்ம் அப்ல இருந்த, அப்புறம் ஜெயிச்ச சந்தோஷத்துல சொல்ல மறந்தே போச்சு."

"நெஜமாவா?"

"சத்தியமா புள்ள. அசந்து தூங்குறாளாம்."

"அப்பாடா" என்றாள் மகமாயி. டாக்டர் நிமிர்ந்து பார்க்கிற அளவுக்குச் சத்தமாக, மனசாரத்தான் சொன்னாள்.